கந்தக வாடையும் மூக்கிலுள்ள செம்பும்: தொடக்கநிலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

ஜூன், ஜூலையில் டுரியான் பழம் குவியத் தொடங்கியதும், சிங்கப்பூரின் கேலாங் பக்கம் போகிறவர்களுக்குக் கடை கண்ணில் படுவதற்கு முன்பே வாசம் வந்துவிடும். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் டுரியானுக்குத் தடை என்று படம் போட்டு வைத்திருப்பதும் அந்த வாசத்துக்காகத்தான். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் "மூக்கில் செம்பு இருக்கிறதாம், அதனால்தான்" என்று ஒருவர் சொல்வதும், "அப்படியானால் செம்புச் சொம்பில் தண்ணீர் குடித்தால் மோப்பம் கூடும்" என்று இன்னொருவர் நீட்டுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதற்கு ஆதாரமே இல்லை. அந்தப் பாதி உண்மையை முழுமையாகப் புரிந்துகொண்டால், டுரியானோடு சேர்த்து அடுப்பங்கரை எரிவாயுக் கசிவும் கழிவுநீர்த் தொட்டி ஆபத்தும் நமக்கு விளங்கும். வேதியியலைப் பள்ளியோடு விட்டவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

ஓர் அணு மாறினால்

மதுவில் இருக்கும் எத்தனாலை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு கந்தக அணுவை வைத்தால் கிடைப்பது எத்தேன்தயோல். எத்தில் மெர்காப்டன் என்பதும் இதுதான். வடிவத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நம் மூக்கு எத்தனாலை உணர்வதைவிடச் சுமார் பத்துக் கோடி மடங்கு கூர்மையாக எத்தேன்தயோலை உணர்கிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

கார்பனோடு இணைந்த ஒரு கந்தகம், அந்தக் கந்தகத்தின் மறுபக்கம் ஒரு ஹைட்ரஜன்: இந்த அமைப்பு இருக்கும் மூலக்கூறுகளுக்குத் தயோல்கள் என்று பெயர். இனி அடிக்கடி வரப்போகும் சொல் இது.

பத்துக் கோடி என்று சொன்னால் மனத்தில் பதியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் ஏறத்தாழ 31,000 லிட்டர் காற்று இருக்கும். அந்தக் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு எத்தேன்தயோல் கலக்க வேண்டுமானால், 0.03 மில்லிலிட்டர் ஆவி போதும். எடையில் 0.08 மில்லிகிராம், அதாவது சமையலறைத் தராசு காட்டவே முடியாத அளவு. அறை முழுக்க அவ்வளவு பரவினாலே பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள்.

பாலூட்டிகளுக்கு இந்தக் கூர்மை உயிர்காக்கும் கருவி. இறைச்சியும் முட்டையும் கெடும்போது கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் அவை உண்டாகின்றன. ஊன் உண்ணும் விலங்குகளின் சிறுநீரிலும் எச்சத்திலும் இருக்கின்றன. கெட்ட உணவு, மூச்சுமுட்டும் இடம், வேட்டையாடும் விலங்கு ஆகிய மூன்றையும் தூரத்திலேயே கண்டுகொண்ட உயிரினம் பிழைத்தது.

கந்தகம் என்றாலே துர்நாற்றம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். காப்பிக்கடையில் கோப்பி வறுக்கும் மணத்தின் உயிர்நாடி ஃபர்ஃபூரில்தயோல் என்ற ஒரு தயோல். கோவிட் வந்து மோப்பம் குழம்பிப்போனவர்கள் பலருக்குக் கோப்பி சகிக்க முடியாததாக மாறியது. அதற்கு முதன்மைக் காரணமாக ஆய்வில் அடையாளம் காணப்பட்டதும் இதே தயோல்தான். பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணத்திலும் ஒரு தயோல் இருக்கிறது. அளவு எவ்வளவு, கூட என்னென்ன மணங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே நாம் நல்லது கெட்டது சொல்கிறோம்.

டுரியானுக்குள் என்ன நடக்கிறது

2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் என்ற ரக டுரியானின் மரபணுத் தொகுப்பை முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். தேசியப் புற்றுநோய் நிலையத்தையும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியையும் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வு அது. டுரியானில் சுமார் 46,000 மரபணுக்கள். மனிதனிடம் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கந்தக ஆவிகளை உண்டாக்க உதவும் எம்ஜிஎல் என்ற நொதிக்கான மரபணு, நெருங்கிய தாவரங்களில் ஒன்றுதான் இருக்க, டுரியானில் நான்கு படிகளாகப் பெருகியிருந்தது. நொதி என்றால் உயிருக்குள் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். பழம் பழுக்கும்போது இந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன.

2020இல் ஜெர்மனியின் மியூனிக் பகுதி ஆய்வாளர்கள் டுரியான் சதையில் எத்தியோனின் என்ற அரிய அமினோ அமிலத்தைக் கண்டார்கள். பழுக்கும்போது அது உடைந்துதான் எத்தேன்தயோல் வெளிப்படுகிறது. ஆக, மேலே கணக்குப் போட்ட அதே சரக்கைப் பழமே தயாரிக்கிறது.

டுரியான் வாசம் ஒரே பொருளால் வருவதல்ல. பழ மணம் தரும் ஒரு எஸ்டரையும், வறுத்த வெங்காய வாடை தரும் ஒரு கந்தகச் சேர்மத்தையும் பழத்தில் இருக்கும் அளவிலேயே கலந்தபோது, டுரியானை ஒத்த வாசம் வந்தது என்று 2017இல் இன்னொரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. ஒருவருக்கு இனிப்பும் இன்னொருவருக்கு அழுகலும் முன்னால் நிற்பது ஏன் என்று இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

மூக்குக்குள் வழக்கமாக நடப்பது

செம்புக்கு வருமுன் எந்த வாசமும் எப்படி உணரப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூக்கின் உட்கூரையில் ஈரமான ஒரு சிறு பரப்பு இருக்கிறது. அங்கே பல மில்லியன் நரம்பணுக்கள் மயிர்போன்ற நுனிகளைச் சளிப்படலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நுனிகளில் பதிந்திருக்கும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். வெளியிலிருந்து வரும் மூலக்கூறை ஏற்று, உள்ளே சேதி அனுப்புவது அவற்றின் வேலை. மனிதனிடம் வேலை செய்யும் மோப்ப ஏற்பி வகைகள் சுமார் 400. எலியிடம் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு நரம்பணுவும் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் வைத்திருக்கும். இந்த ஏற்பிக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

மணமூலக்கூறு சளியில் கரைந்து ஏற்பியின் பள்ளத்தில் அமர்ந்ததும், ஏற்பி லேசாக வடிவம் மாறுகிறது. நரம்பணுவுக்குள் ஏற்பியை ஒட்டியிருக்கும் ஜி-புரதம் அதனால் விழித்துக்கொள்கிறது. அது கிளப்பிவிடும் வேதிச் சங்கிலியால் நரம்பணுச் சுவரில் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, மின்துடிப்பு மூளைக்குப் போகிறது. மூளை பார்ப்பது எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து துடித்தன என்ற கோலத்தை. 400 வகை ஏற்பிகளால் அதைவிடப் பன்மடங்கு வாசங்களை நாம் பிரித்தறிவது இதனால்தான்.

சுருக்கமாக இதுவரை: தயோல்கள் மிகச் சிறு அளவிலேயே தெரிகின்றன, வாசம் தெரிய மூலக்கூறு ஏற்பியில் அமர வேண்டும். எத்தனாலைப் போலவே சிறியதான எத்தேன்தயோல் எப்படி அவ்வளவு எளிதில் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் மீதிக் கேள்வி.

செம்பு நுழையும் இடம்

பூசை அறையில் இருக்கும் வெள்ளி விளக்கு நாளடைவில் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் நூறு கோடியில் சில பங்கு அளவே இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலமாகப் படிவதுதான் அந்தக் கறுப்பு. வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிட்டால் சீக்கிரமே கறுக்கும். கந்தகம் சில உலோகங்களைக் கண்டால் விடாது. அந்தப் பட்டியலில் செம்பு, வெள்ளி, பாதரசம் மூன்றும் முன்னணியில் இருக்கின்றன. ஆக்சிஜனுக்கு இவற்றோடு அத்தனை நெருக்கம் கிடையாது. எத்தனாலுக்கும் எத்தேன்தயோலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

இந்த நெருக்கத்துக்குக் காரணம் எலக்ட்ரான்கள். கந்தக அணு பெரியது. அதன் வெளிப்புற எலக்ட்ரான்கள் தளர்வாக இருக்கின்றன, எளிதில் சாய்ந்து கொடுக்கும். மின்னூட்டம் பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். செம்பும் வெள்ளியும் ஒற்றை நேர்மின்னூட்டத்தோடு அயனியாக இருக்கும்போது அதே இயல்போடு இருக்கின்றன. இப்படிப்பட்ட இரண்டு சந்தித்தால் பிணைப்பு உறுதியாக அமையும். தயோல் உலோகத்தைத் தொட்டதும் கந்தகத்தின் மறுமுனையிலிருந்த ஹைட்ரஜன் எளிதில் கழன்றுபோகும். கந்தகம் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

செம்பு மூக்கின் சளியில் இயல்பாகவே சிறிதளவு இருக்கிறது. ஏற்பியும் ஒரு புரதம்தான். அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழை, உயிரணுச் சுவரை ஏழு முறை குறுக்காகக் கடந்து மடிந்திருக்கிறது. இருபது அமினோ அமிலங்களில் சிஸ்டைன், மெத்தியோனின், ஹிஸ்டிடின் மூன்றும் செம்பைப் பிடித்துவைப்பதில் வல்லவை. முதல் இரண்டில் கந்தகமே இருக்கிறது. சில ஏற்பிகளின் மடிப்பில் இவை பக்கத்தில் பக்கத்தில் வந்து அமைந்தால், நடுவில் ஒரு செம்பு அயனி உட்கார இடம் கிடைக்கும். உள்ளே வரும் தயோலின் கந்தகம் அந்தச் செம்பைப் பற்றிக்கொள்கிறது.

கைப்பையில் ஜிப் வைத்ததும் உண்டு, காந்தக் கொக்கி வைத்ததும் உண்டு. ஜிப்பின் இரண்டு முனையையும் சரியாகப் பொருத்தி இழுக்க வேண்டும். காந்தக் கொக்கி கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று பிடித்துக்கொள்ளும். எத்தனால் போன்ற சிறிய மூலக்கூறு ஏற்பியில் பொருந்துவது ஜிப் மாதிரி. அமர்ந்தாலும் பிடி தளர்வு. தயோலுக்குச் செம்பு காந்தக் கொக்கியாகிறது. ஏற்பிக்குள் நுழையும் வெகு சில மூலக்கூறுகளும் நழுவாமல் மாட்டிக்கொள்வதால், சிறு அளவே பெரிய சமிக்ஞையாகிறது. ஒப்புமை இத்தோடு நிற்கட்டும். செம்பு காந்தத்தால் இழுப்பதில்லை, எலக்ட்ரான் பகிர்வால் பிணைக்கிறது.

இது ஊகமாகத் தொடங்கி, சோதனைக்கு வந்த கதை

யேல் பல்கலைக்கழக வேதியியலாளர் ராபர்ட் கிராப்ட்ரீ 1978இலேயே, கந்தக வாடைகளைப் பிடிக்கும் இடத்தில் செம்பு இருக்கலாம் என்று எழுதினார். அப்போது மோப்ப ஏற்பி என்ற புரதமே கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 2003இல் கென்னத் சஸ்லிக் உள்ளிட்ட குழுவினர், மோப்ப ஏற்பிகள் பலவற்றில் உலோகத்தைப் பிடிக்கத்தக்க அமினோ அமில வரிசை இருப்பதைக் காட்டி, ஏற்பியே உலோகப் புரதமாக இருக்குமோ என்று கேட்டார்கள்.

நேரடிச் சோதனை எலியிடமிருந்து தொடங்கியது. ஆண் எலியின் சிறுநீரில் எம்டிஎம்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு தயோல் இருக்கிறது. பூண்டு வாடை கொண்டது. பெண் எலிகளை ஈர்ப்பது. 2005இல் இது வெளியானது. ஹன்யி ஜுவாங், ஹிரோஅகி மட்சுனாமி, எரிக் பிளாக் முதலானோர் 2012இல் அதற்கான ஏற்பியைப் பிடித்தார்கள். எம்ஓஆர்244-3 என்பது அதன் பெயர். சோதனை முறை எளிமையானது, புத்திசாலித்தனமானது. ஆய்வகத்தில் வளரும் உயிரணுக்களுக்குள் ஏற்பியின் மரபணுவைச் செலுத்துகிறார்கள். ஏற்பி தூண்டப்பட்டால் உயிரணு ஒளிவிடும்படி அமைக்கிறார்கள். பிறகு எம்டிஎம்டியைச் சேர்த்து ஒளியை அளக்கிறார்கள். செம்பு அயனி சேர்த்தபோது ஒளி பலமடங்கு கூடியது. செம்பைக் கவ்வி அகற்றும் வேதிப்பொருளைச் சேர்த்தபோது ஒளி மங்கியது.

உயிரணுவில் நடப்பது உயிருள்ள மூக்கிலும் நடக்க வேண்டுமே. அதற்காக, செம்பைக் கவ்வும் டெப்பா என்ற பொருளை எலிகளின் மூக்குக்குள் செலுத்தினார்கள். அந்த எலிகளால் எம்டிஎம்டியைச் சரியாகக் கண்டறிய முடியவில்லை. கந்தகம் இல்லாத வேறு மணத்தை உணர்வதில் சிக்கல் வரவில்லை. மூக்கு பொதுவாகக் கெட்டுவிடவில்லை, கந்தகத்துக்கான வழிதான் அடைபட்டது என்பதற்கு இதுவே வலுவான சான்று. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இது. ஒரே உலோகத்தை எடுத்துவிட்டு, ஒரே வகை வாடை மட்டும் மறைவதைக் காட்டியது.

மனிதனுக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2016இல் விடை கிடைத்தது. மனித மோப்ப ஏற்பிகளில் சுமார் 330 வகைகளைச் சலித்துப் பார்த்தபோது, ஓஆர்2டி11 என்ற ஏற்பி எரிவாயுவில் வாடைக்காகச் சேர்க்கப்படும் தயோலுக்கும், அதைப்போன்ற சிறிய தயோல்களுக்கும் துடித்தது. செம்பு சேர்ந்தால்தான் அந்தத் துடிப்பு வலுவாக இருந்தது. செம்பைத் தாங்கும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது, சில இடங்களில் மாற்றியதும் துடிப்பு ஒடுங்கியது. 2017இல் வெங்காயத்தின் ஒரு முக்கியத் தயோலுக்கென்றே அமைந்த ஓஆர்2எம்3 என்ற மனித ஏற்பியும், 2020இல் அதற்கும் செம்பு துணை நிற்பதும் தெரியவந்தன.

செம்பு ஏற்பிக்குள் உட்காரும் துல்லியமான இடம் கணினி மாதிரியாலும் அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தும் பெறப்பட்டது. மனித மோப்ப ஏற்பி ஒன்றின் முப்பரிமாண வடிவம் முதன்முதலாக 2023இல்தான் எடுக்கப்பட்டது. அதுவும் கந்தகத்துக்கான ஏற்பி அல்ல. ஆகவே "செம்பு தேவை" என்பது சோதனையின் உறுதியோடு நிற்கிறது. "இந்த இடத்தில், இப்படித்தான் அமர்கிறது" என்பது அந்த அளவுக்கு உறுதியானதல்ல. இணையத்தில் சுற்றும் பளபளப்பான படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியும் இதே வேலையைச் செய்யும். 2016 ஆய்வில் செம்புக்குப் பதில் வெள்ளி அயனியைச் சேர்த்தபோதும் ஓஆர்2டி11 தயோல்களுக்கு வலுவாகத் துடித்தது. தனிம அட்டவணையில் செம்புக்கு நேர் கீழே இருக்கும் உலோகம் வெள்ளி, வியப்பதற்கில்லை. ஆனால் உடலில் இயல்பாக இருப்பது செம்புதான். வெள்ளி செய்வது ஆய்வகத்தில் கண்ட ஒத்த நடத்தை.

சுருக்கமாக: சில ஏற்பிகளில் செம்பு அயனி தயோலுக்குப் பிடிமானமாகிறது, செம்பை எடுத்தால் அந்த வாடை மட்டும் மங்குகிறது. எல்லா ஏற்பிகளுக்கும் செம்பு தேவையில்லை. மல்லிகையையும் எலுமிச்சையையும் முகர்வதற்கு இந்தக் கதை அவசியமில்லை.

அடிக்கடி கேட்கும் தவறான புரிதல்கள்

செம்புப் பாத்திரத் தண்ணீர் மோப்பத்தைக் கூட்டுமா? கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. உடலில் செம்பின் அளவைக் கல்லீரல் கட்டுப்படுத்துகிறது; மிஞ்சியதைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. கூடக் குடித்தால் மூக்குச் சளியில் கூடச் சேரும் என்ற கணக்கு பொருந்தாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி. வெறும் தண்ணீர் வைப்பது ஒன்று. மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசலைச் செம்பிலோ பித்தளையிலோ வைப்பது வேறு. புளிப்பு செம்பைக் கரைத்து இழுக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். ரசம் வைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசிய நம் வீட்டுப் பழக்கத்துக்குக் காரணம் இதுவே.

உலோகத்தை மூக்கில் விட்டால்? இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: விடவே கூடாது. துத்தநாகம் கலந்த, மூக்கில் இடும் சளி மருந்துகளைப் பயன்படுத்தியவர்கள் மோப்பம் இழந்ததாக 130-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தபின், 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தது. ஏற்பிக்குள் ஒற்றை அயனி உதவுகிறது என்பதிலிருந்து, கரைசலாக ஊற்றினால் இன்னும் நன்றாக உதவும் என்ற முடிவு வராது. நரம்பணுக்களைக் கொல்லும் அளவும் உதவும் அளவும் வெகுதூரம் விலகியவை.

நாணயத்தைத் தொட்ட கையில் வரும் "உலோக வாசம்" உலோகத்துடையதா? இல்லை. இரும்பும் செம்பும் அறை வெப்பத்தில் ஆவியாவதில்லை. தோலிலிருக்கும் எண்ணெய் உலோகத்தோடு வினைபுரிந்து உடையும்போது கிளம்பும் சேர்மங்களைத்தான் முகர்கிறோம். இரும்பைத் தொட்டால் வரும் வாசத்தில் முதன்மையானது 1-ஆக்டீன்-3-ஓன் என்று 2006இல் காட்டப்பட்டது.

பூண்டு நறுக்கிய கையை எஃகில் தேய்த்தால் வாடை போகுமா? கந்தகம் உலோகத்தை நாடும் என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் எவர்சில்வரின் மேற்பரப்பை மூடியிருப்பது குரோமியம் ஆக்சைடு படலம். செம்பு அயனி போல அது வலிந்து பிடிப்பதில்லை. ஓடும் நீரில் தேய்ப்பதால் கிடைக்கும் பலனை எஃகின் கணக்கில் எழுதுகிறோமோ என்ற ஐயம் நியாயமானது. டுரியான் ஓட்டில் நீர் ஊற்றிக் கை கழுவுவதும் அப்படித்தான். அந்தப் பழக்கத்துக்கும் மூக்கிலுள்ள செம்புக்கும் தொடர்பில்லை.

டுரியான் வாடை ஏறிய நெகிழிப் பெட்டிக்கு உண்மையிலேயே வேலை செய்யும் வழி ஒன்று உண்டு: தயோலை ஆக்சிஜனேற்றம் செய்து வாடை குறைந்த சேர்மமாக மாற்றுவது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் தயோல்களைப் போக்க, பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் 1993இல் வெளியிட்ட கலவை இது. 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கையுறை அணிந்து, கலந்த உடனே பயன்படுத்தி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலச வேண்டும். துணியில் பட்டால் சாயம் போகலாம். கலவையை எக்காரணம் கொண்டும் புட்டியில் மூடி வைக்கக்கூடாது. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் புட்டி வெடிக்கும். வினிகரோடும் கலக்கக்கூடாது.

எரிவாயு: அதே உலோகம் வாடையைத் தின்றுவிடும் இடம்

மீத்தேனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வாசம் இல்லை. நம் குழாய்வழி எரிவாயுவிலும் சிலிண்டரிலும் கந்தகச் சேர்மம் சேர்த்துத்தான் வாடை உண்டாக்குகிறார்கள். இந்தப் பழக்கம் பரவக் காரணமானது 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் நடந்த வெடிப்பு. வாடையற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கியதை யாரும் அறியவில்லை. சுமார் 295 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். இன்று அமெரிக்க விதிப்படி, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே வாடை தெரிய வேண்டும். மீத்தேன் காற்றில் 5 விழுக்காடு கலந்தால் தீப்பிடிக்கும். எனவே 1 விழுக்காட்டிலேயே மூக்கு எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கைக்கு நம் பக்கம் காத்திருக்கும் ஏற்பிகளில் ஒன்றுதான் ஓஆர்2டி11.

ஆனால் கந்தகம் உலோகத்தை நாடும் அதே குணம் இங்கே எதிராகவும் திரும்பும். புதிய எஃகு சிலிண்டரின் உட்புறத்தில் துரு இருந்தால், இரும்பு ஆக்சைடு எத்தேன்தயோலை ஆக்சிஜனேற்றி டைசல்ஃபைடாக மாற்றிவிடும். டைசல்ஃபைடின் வாடை தயோலைவிடக் குறைவு. புதுக் குழாய்களின் சுவரும் சில காலம் வாடைப்பொருளை உறிஞ்சும். வாயு இருக்கும், வாடை மங்கியிருக்கும். வயது ஏற ஏற மோப்பமும் குறையும். வாடை வராததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. முதியவர்கள் தனியே சமைக்கும் வீட்டில் வாயு உணர்கருவி பொருத்துவது நல்லது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கருவியைத் தரையை ஒட்டி வைக்க வேண்டும். குழாய்வழி வாயு இலேசானது, கூரையை ஒட்டி வைக்க வேண்டும்.

வாடை வந்தால்: அடுப்பையும் வாயு வால்வையும் மூடவும். சன்னல், கதவுகளைத் திறக்கவும். விளக்கு, மின்விசிறி, அழைப்பு மணி எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சில் பறக்கும் சிறு பொறி போதும். வெளியே போனபின் எரிவாயு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கவும். வாடை பலமாக இருந்தால் சிங்கப்பூரின் அவசர உதவி எண் 995.

ஹைட்ரஜன் சல்ஃபைடு: மூக்கை நம்பக்கூடாத வாயு

அழுகிய முட்டை வாடை கொண்ட இந்த வாயு, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே தெரியும். கழிவுநீர்க் குழி, சேற்றுத் தொட்டி, கப்பலின் அடித்தளத் தொட்டி போன்ற இடங்களில் தேங்கும். காற்றைவிடக் கனமானது. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை திடீரென்று மறைவது வாயு போய்விட்டதன் அறிகுறி அல்ல. உயிருக்கே ஆபத்தான அளவு வந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த வாயுவை முகர்ந்த ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய வேலைக்குப் போகும் நம் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை. இறங்குவதற்கு முன் மேலே, நடுவே, அடியிலே என மூன்று மட்டங்களில் கருவியால் காற்றை அளக்க வேண்டும். சட்டையில், மூக்குக்கு அருகில், வாயு அளவியை மாட்டிக்கொள்ள வேண்டும். பத்து லட்சத்தில் 10 பங்கு அளவில் ஒலிக்கும்படி வைப்பது பரவலான நடைமுறை. சேற்றைக் கிளறும்போது அடங்கியிருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பும், ஆகவே தொடக்கத்தில் சுத்தமாக இருந்த காற்று பாதி வேலையில் கெட்டுப்போகும். காற்றோட்டி வேலை முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அளவி ஒலித்தால் வாடை தெரிகிறதா என்று முகர்ந்து பார்க்க நிற்காமல் வெளியேற வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், தனிக்காற்று தரும் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் பின்னால் இறங்கக்கூடாது. 995-ஐ அழைத்துவிட்டு, இடுப்பு வாரில் கட்டிய கயிற்றால் மேலிருந்தே இழுக்க வேண்டும்.